வெள்ளிக்கிழமை நோயாளி

அத்தியாயம் 6

அந்த நோயாளி ஏழாவது முறையாக இறப்பதற்கு இன்னும் ஐந்தரை மணி நேரம் இருந்தது.

துரை ஆட்டோவை தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு எதிரே ஓரங்கட்டி, நான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். உச்சியில் 'நைட்டிங்கேர் சிஸ்டம்ஸ்' என்று நீல எழுத்துகள். எண்ணூறு பேர் வேலை பார்க்கும் கம்பெனி. அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் நோயாளியைச் சேர்ப்பதிலிருந்து அனுப்பி வைப்பது வரை அத்தனைக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் இங்கேதான் தயாராகிறது.

"அமெரிக்காக்காரனுக்கு ஜுரம் வந்தா தாம்பரத்துல பெல் அடிக்குதுன்னு சொல்லுக்கா."

"ஜுரம் மட்டுமில்ல துரை. அவன் செத்தாலும் பட்டன் இங்கதான்" என்றாள் லோகநாயகி.

பதினாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் அவள். ஊர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே மனிதர்களைப் படித்தவள். வேலையை விட்டு சிட்லபாக்கத்தில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, வாசலில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த துரை தானாக வந்து உதவியாளன் ஆனான். "உனக்கு காது, எனக்கு வாயி. ரெண்டும் சேந்தாதான் தலை" என்பது அவன் சொன்ன நியாயம்.

நேற்று மாலை அவர்களைத் தேடி வந்தவன் கேசவன். இந்தக் கம்பெனியில் சோதனைக் குழுவின் லீடர். மெலிந்த முகம், கண்ணைச் சுற்றிக் கருவளையம். "எங்க டீம்ல காந்திமதின்னு ஒருத்தங்க. செய்யாத தப்புக்கு நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேலையை விட்டு அனுப்பப் போறாங்க. அதைச் செய்யறது யாருன்னு நீங்க கண்டுபிடிக்கணும் மேடம். யாரா இருந்தாலும் சரி" என்றான். கடைசி மூன்று வார்த்தைகளை அவன் இரண்டு முறை சொன்னது லோகநாயகியின் காதில் இன்னும் இருந்தது.

மூன்றாவது மாடி ஹாலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததும் குளிர் உள்ளங்காலில் ஏறியது. வெளியே ஆடி முதல் நாள் வெயில். உள்ளே எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். ஏ.சி.யின் உறுமலுக்குக் கீழே விசைகளின் சடசடப்பு மட்டும். ஒவ்வொரு திரையின் தலையிலும் ஒரு விபூதிப் பொட்டலம் செல்லோ டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. ஒன்றின் மேல் சிலுவை.

"கோயிலா, ஆபீஸாக்கா இது?" என்று துரை கிசுகிசுத்தான்.

"போன மாசம் வரைக்கும் ஆபீஸா இருந்தது" என்று பதில் சொன்னார் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன். ஐம்பது வயது, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. கண்ணாடி அறைக்குள் அழைத்துப் போய் ஆறு காகிதங்களை மேஜையில் பரப்பினார். "பாருங்கோ. ஆறு வெள்ளிக்கிழமை, ஆறு ரெக்கார்ட். ஒண்ணுக்கொண்ணு அச்சு அசல்."

பெயர்: தாயாரம்மாள். வயது 51. ஊர்: பொழிச்சலூர். அனுமதி: 10:20. மரணம்: 15:40. நெருங்கிய உறவு, மகள்: கே. காந்திமதி.

"நிஜமான நோயாளியா?"

"நிஜமான நோயாளி யாருமே இங்கே கிடையாது மேடம். புரோகிராம் சரியா ஓடறதான்னு பார்க்க நாங்களே கற்பனையா நோயாளிகளைப் பதிவு பண்ணுவோம். ஜுரம், பிரசவம், எலும்பு முறிவு எல்லாத்துக்கும் வாய்க்கு வந்த பேர். ஆனா மரணப் பதிவுன்னு ஒரு ஸ்கிரீன் இருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுல உயிரோட இருக்கறவா பேரை எங்க ஜனங்க யாரும் போட மாட்டா. யார் பேரைப் போட்டாலும் அந்தப் பேர்ல ஊர்ல எங்கேயோ ஒருத்தர் இருப்பாரேன்னு பயம். அதனால அவாவா வீட்ல ஏற்கெனவே போனவா பேரைப் போடறது. நான் எங்க சித்தப்பாவைப் போடுவேன்."

"சித்தப்பா எத்தினி தபா போயிட்டாரு சார்?"

"நானூறு இருக்கும்" என்றார் அவர், சிரிக்காமல்.

"தாயாரம்மாள்?"

"காந்திமதியோட அம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை தவறிட்டா. எல்லாரும் டீ குடிக்கக் கீழே போற நேரத்துல, மூணு நாப்பதுக்கு, இவ லாகின்ல இந்த ரெக்கார்ட் வந்து உக்கார்றது. அழிச்சா அடுத்த வெள்ளி திரும்ப. ரெண்டு பொண்கள் பயந்து வேலையை விட்டுட்டா. போன வாரம் இது அமெரிக்காவுக்குப் போற காப்பியிலேயே போயிடுத்து. திங்கட்கிழமை அவா நேர்ல வரா. இவ பாஸ்வேர்ட் டீம்ல பதினோரு பேருக்கும் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா இவ அம்மாவை வேற யார் மேடம் நினைச்சுப்பா? மனசு சரியில்லாம இவளே பண்றா. ராஜினாமா லெட்டர் டைப் ஆயாச்சு. அஞ்சு மணிக்குக் கையெழுத்து."

லோகநாயகி காகிதத்தில் விரல் வைத்தாள். "இவங்க இனிஷியல் கே-யா?"

"இல்லை, பி. அப்பா பேர் பக்தவச்சலம். அது ஏதோ தட்டச்சுப் பிழை."

"ஆறு தபாவுமா?" துரை மேஜை மேல் இருந்த கீபோர்டைக் குனிந்து பார்த்தான். "பி இங்க கீது, கே அங்க கீது. பக்கத்து வூடு கூட இல்லியே சார். வெரலு பஸ் ஏறித்தான் போவணும்."

காந்திமதியை அறைக்குள் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வயதிருக்கும். அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடி அழுத முகம்.

"நான் பண்ணல மேடம். மரண ஸ்கிரீனுக்கு எப்பவும் எங்க அப்பா பேரைத்தான் போடுவேன். அம்மா பேரைப் போடக் கை வராது." அவள் காகிதத்தைப் பார்க்காமலே பேசினாள். "எல்லாரும் அம்மா ஆவின்னு சொல்றாங்க. எனக்குப் பயமில்ல, அம்மாதானே. ஆனா எதுக்கு வர்றாங்கன்னு தெரியல. வேலை போனாக்கூடப் பரவாயில்ல, அது தெரியணும்."

"இதுல ஏதாவது தப்பா இருக்கா?"

"அட்மிஷன் டைம். பத்து இருபதுன்னு இருக்கு. மூணு மணிக்கு மேலதான் அம்மாவுக்கு முடியாமப் போயிருக்கணும். நாலேகாலுக்கு டாக்டர் போன் பண்ணி, இப்பத்தான் போயிட்டாங்கன்னார். அன்னிக்கு இந்த மரண ஸ்கிரீனோட ரிலீஸ், முடிச்சு அமெரிக்காவுக்கு அனுப்பற நாள். உள்ளே செல்போன் கொண்டு வரக் கூடாது, ஹால்ல இருக்கற ஒரே போன்லதான் பேசினார். நான் போய்ச் சேரும்போது மணி அஞ்சு. அரை மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். யார்கிட்டயும் கேக்கல. கேக்கத் தைரியம் இல்ல."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பொழிச்சலூர்ல ஒரு சின்ன நர்சிங் ஹோம். அடுத்த மாசமே மூடிட்டாங்க."

லோகநாயகி எழுந்தாள். "இங்கே அவங்கவங்க செத்தவங்க பேரைத்தான் அவங்கவங்க போடறாங்க, இல்லையா சார்? அப்போ தாயாரம்மாளைத் தன்னோட சாவா நெனைக்கிற இன்னொருத்தர் இருக்காங்க. மூணு மணிக்கு வர்றேன். அதுவரைக்கும் டீமை வெளியே விடாதீங்க."

*

பொழிச்சலூர் ஆட்டோ ஸ்டாண்டில் துரைக்குப் பத்து நிமிஷம்தான் தேவைப்பட்டது. நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் டைல்ஸ் கடை. நர்சிங் ஹோமில் வேலை பார்த்த அம்மணி என்ற ஆயா இப்போது ஊரப்பாக்கத்தில் ஒரு நர்சரி பள்ளிக்கூடத்தில். மறுபடி ஜி.எஸ்.டி. ரோடு, வழி நெடுக வேப்பிலைத் தோரணமும் ஸ்பீக்கரில் அம்மன் பாட்டும்.

அம்மணி பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். தாயாரம்மாள் என்றதும் அகப்பை அண்டாவிலேயே நின்றுவிட்டது.

"செவப்பா, ஒல்லியா, மூக்குல சின்னதா வெள்ளக் கல்லு? ஒண்டியா ஆட்டோல வந்து எறங்குச்சும்மா. காலைல பத்து, பத்தேகால் இருக்கும். மாரு வலிக்குதுன்னுச்சு. கையில சீட்டு வெச்சிகினு இருந்துச்சு, பொண்ணோட ஆபீஸ் நம்பர். நாந்தான் போன் போட்டேன்."

லோகநாயகி அவளை நிழலுக்கு அழைத்து வந்தாள். "எத்தனை மணிக்கு?"

"பத்தரை. ஆம்பளக் கொரலு எடுத்துச்சு. சின்ன வயசுதான்."

"நீங்க என்ன சொன்னீங்க, அவர் என்ன சொன்னார்? வார்த்தைக்கு வார்த்தை."

"'காந்திமதியோட அம்மாக்கு நெஞ்சு வலி, பத்து இருவதுக்கு பெட்ல போட்டுக்கீறோம், உடனே அனுப்புங்க'ன்னேன். 'சரிங்க, சொல்லிடறேன்'னுச்சு. நான் திருப்பியும் சொன்னேன். அதுவும் திருப்பி 'சொல்லிடறேங்க, சொல்லிடறேங்க'ன்னுச்சு. மரியாதையான கொரலும்மா."

"இன்னா மரியாத" என்றான் துரை. அவன் முகத்தில் வழக்கமான விளையாட்டு இல்லை.

"பன்னெண்டு மணிக்கு டூட்டி மாத்திகினு கெளம்பசொல்லோ திரும்பிப் பாத்தேன். வாசலையே பாத்துகினு படுத்திருந்துச்சு. அந்தப் பார்வ ரெண்டு வருசமா என் முதுவுலயே கீதும்மா. அந்தப் பொண்ணு வந்துச்சா?"

"வந்தா" என்றாள் லோகநாயகி. எப்போது என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் வண்டலூர் தாண்டியதும் துரை ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தான். பிறகு, "பதினோரு பேர்ல ஆம்பள எத்தினிக்கா?"

"ஆறு."

"ஆறு பேரையும் அம்மணிக்கா முன்னாடி நிறுத்தி 'சொல்லிடறேங்க'ன்னு சொல்லச் சொல்லலாமா?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தின குரல், கோர்ட்ல நிக்காது. காந்திமதியும் அதை மட்டும் வெச்சு நம்பிடக் கூடாது. அவனாவே கையால எழுதிக் குடுக்கணும்."

"யாருக்கா எழுதிக் குடுப்பான்?"

"கேக்கற விதத்துல கேட்டா குடுப்பான்."

*

மூன்று மணிக்கு டீம் முழுவதும் ஹாலில் இருந்தது. லோகநாயகி ஆறு ஆண்களையும் ஆறு கம்ப்யூட்டர்களின் முன்னால் உட்காரச் சொன்னாள். கேசவன் ஐந்தாவது.

"நான் ஒரு ரெக்கார்ட் சொல்றேன். நீங்க டைப் பண்ணணும். யார் வேகம்னு பார்க்கலாம். நிறுத்தாம, யோசிக்காம."

துரை பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "மொதல்ல முடிக்கறவருக்கு என் ஆட்டோல ஒரு ரவுண்டு ஓசி."

யாரோ சிரித்தார்கள். பல நாள் பேயோடு உட்கார்ந்திருந்த ஹாலில் அந்தச் சிரிப்பு ஒட்டாமல் நின்றது.

லோகநாயகி எக்ஸ்சேஞ்சில் நம்பர் சொல்லும் பழைய குரலில், மூச்சு விடாமல் சொன்னாள். "பெயர் தாயாரம்மாள். வயது ஐம்பத்தொன்று. பொழிச்சலூர். அனுமதி பத்து இருபது. மரணம் பதினைந்து நாற்பது. நெருங்கிய உறவு, மகள், காந்திமதி, இனிஷியலோட. முடிஞ்சுது. கையை எடுங்க."

அவள் முதல் திரையிலிருந்து நடந்தாள். பி. காந்திமதி. அடுத்தது, பி. காந்திமதி. பி. பி.

ஐந்தாவது திரைக்குப் பின்னால் நின்றாள். கேசவனின் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே இருந்தன. அவனும் அப்போதுதான் திரையைப் பார்த்தான்.

கே. காந்திமதி.

அவன் கை மெதுவாக அழிக்கும் விசையைத் தேடிப் போனது. துரை தன் கையை அதன் மேல் வைத்தான். "வுடு சார். நல்லாத்தான் கீது."

மற்றவர்களை டீ குடிக்க அனுப்பினார்கள். ஹாலில் ஐந்து பேர் மிஞ்சினார்கள்.

"காந்திமதி, உங்களுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்கா?" என்று கேட்டாள் லோகநாயகி.

காந்திமதி கேசவனைப் பார்த்துத் தலையாட்டினாள். "மே முப்பத்தொண்ணு நிச்சயம் ஆச்சு. ஆவணியில கல்யாணம். இவரோடதான். ஆபீஸ்ல சொல்லல மேடம். தெரிஞ்சா ஒருத்தரை வேற ஷிஃப்டுக்கு மாத்திடுவாங்க."

"முதல் ரெக்கார்ட் எப்போ சார் வந்தது?"

ஸ்ரீநிவாசராகவன் காகிதத்தைப் புரட்டினார். "ஜூன் அஞ்சு. நிச்சயதார்த்தம் முடிஞ்ச அதே வாரம்."

"நம்ம ஊர்ப் பொண்ணுக்கு இனிஷியல் ரெண்டு தடவை கிடைக்கும். ஒண்ணு அப்பாவோடது, ஒண்ணு புருஷனோடது" என்றாள் லோகநாயகி. "கேசவன், அட்மிஷன் டைமை நீங்க தெரிஞ்சே போட்டீங்க. இனிஷியலைத் தெரியாம போட்டீங்க. மனசுக்குள்ள இவங்க ஏற்கெனவே உங்க மனைவி. அந்த மனைவிகிட்ட ஒரு விஷயத்தை மறைச்சுக்கிட்டு உங்களால தாலி கட்ட முடியல. அன்னிக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் தாயாரம்மாகூட இருந்த ஆயாவைப் பார்த்துட்டுத்தான் வர்றோம். அவங்க காலைல பத்தரைக்குப் போட்ட போனை இந்த ஹால்ல எடுத்தது நீங்கதான்."

"பத்தரையா?" என்றாள் காந்திமதி. அவள் கேட்டது யாரிடம் என்று தெரியவில்லை.

கேசவன் காந்திமதியின் பக்கம் திரும்பி எழுந்து நின்றான். "நாலு மணிக்கு ரிலீஸ். அந்த ஸ்கிரீன் மொத்தமும் உங்க கையில இருந்தது. நீங்க போனா வேற யாரும் முடிக்க முடியாது. மதியத்துக்குள்ள ஒரு கட்டத்துக்கு வந்துடும், அப்ப சொல்லி நானே கூட்டிட்டுப் போகலாம்னு நெனச்சேன். நெஞ்சு வலின்னா வாயுவாக்கூட இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் சொல்ல முடியல. ஒவ்வொரு நாளும் இன்னும் முடியாமப் போச்சு. ஸ்கிரீனாவது சொல்லட்டும்னு போட்டேன். நீங்க ஆவின்னு நெனச்சீங்க. பழி உங்க மேலயே வந்தது. அப்பவும் வாய் வரல. அதான் இவங்களைத் தேடிப் போனேன்."

துரை பெருமூச்சு விட்டான். "திருடனே போலீஸுக்கு ஆட்டோ புடிச்சு குடுத்த கேஸ இன்னிக்குத்தான் பாக்குறேன்."

லோகநாயகி நோட்டை மூடினாள். கேஸ் முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஆனால் கேசவன் உட்காரவில்லை. பழைய எக்ஸ்சேஞ்ச் பழக்கத்தில் அவள் காது நிமிர்ந்தது. பேசி முடித்தவர்களின் மௌனம் வேறு; இது லைனில் இன்னும் ஆள் இருக்கும் மௌனம்.

"இன்னொரு போன் வந்தது, இல்லையா?" என்றாள் மெதுவாக.

"ஒண்ணே காலுக்கு." அவன் குரல் உள்ளே போயிருந்தது. "ஆஸ்பத்திரிக்காரங்கன்னு நெனச்சு எடுத்தேன். அம்மாவே பேசினாங்க."

காந்திமதியின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது.

"மூச்சு வாங்கிச்சு. 'தம்பி, காந்திமதி இருக்காளா?'ன்னாங்க. நீங்க நாலு நாற்காலி தள்ளி டிபன் பாக்ஸைத் திறந்துக்கிட்டிருந்தீங்க. நான் பார்த்துக்கிட்டே 'சீட்ல இல்லம்மா'ன்னேன். 'சாப்பிடப் போயிருப்பா. பாதியில எழுப்பாதேப்பா. சாப்ட்டுட்டே வரச் சொல்லு'ன்னாங்க. அப்புறம், 'நீ யாருப்பா?'ன்னாங்க. கேசவன்னு சொன்னேன். 'ஓ, கேசவனா? உன்னைப் பத்திச் சொல்லியிருக்கா'ன்னு சிரிச்சாங்க. வெச்சிட்டாங்க."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது வந்து, கடந்து போனது. எந்தத் திரையிலும் எதுவும் வரவில்லை.

"சிரிச்சாங்களா?" என்றாள் காந்திமதி.

"சிரிச்சாங்க."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"தினம் கேக்குது."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அதுக்கு முந்தின ராத்திரிதான் அம்மாகிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன். அம்மா ஒண்ணுமே சொல்லாம விளக்கை அணைச்சிட்டாங்க. அவங்களுக்குப் பிடிக்கலைன்னே ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். பிடிக்காததைச் செய்யறேனேன்னு நிச்சயதார்த்தத்தன்னிக்கு அவங்க படத்துக்கு முன்னாடி அழுதேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. அப்பகூடச் சொல்லல."

கேசவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தினாள்.

"ஆவணி வேண்டாம். அதுக்கப்புறம் என்னன்னு இப்பக் கேக்காதீங்க. எனக்கே தெரியாது. நடந்ததை முழுசா சார்கிட்ட எழுதிக் குடுங்க."

ஸ்ரீநிவாசராகவன் சட்டைப் பையிலிருந்து ராஜினாமா கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். "மன்னிச்சுக்கோம்மா. ரிலீஸ் நாள்னா போனை யாருக்கும் குடுக்காதேங்கோன்னு அன்னிக்கு உத்தரவு போட்டதே நான்தான்" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார்.

காந்திமதி கைப்பையை எடுத்துக்கொண்டு லோகநாயகியிடம் வந்தாள். "அந்த ஆயா எங்கே இருக்காங்க மேடம்? பன்னெண்டு மணி வரைக்கும் அவங்க அம்மாவோட இருந்திருக்காங்க. அதையும் நான் கேக்கணும்."

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. துரை ஆட்டோவைக் கிளப்பித் திருப்பினான். ஏதாவது சொல்லி இந்தப் பெண்ணைச் சிரிக்க வைக்கலாமா என்று கண்ணாடியில் பார்த்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

"ஊரப்பாக்கம்தானேக்கா, நேரா வுட்றவா?"

"அண்ணா" என்றாள் காந்திமதி. "வழியில எங்கயாவது ஒரு ஓட்டல்ல நிறுத்துங்க."

"பசிக்குதாம்மா?"

"இல்லண்ணா. சாப்ட்டுட்டு வரச் சொல்லியிருக்காங்க."